கார்பைடு தேய்ப்புக் கட்டை ஒரே ஆண்டில் மழுங்கிவிடுமா?

காற்றாடி (பதிவு 1)

வணக்கம். இரண்டு மீட்டர் இறக்கை கொண்ட பால்சா (மிக இலேசான மரம்) கிளைடர் ஒன்றை ஓராண்டாகக் கட்டி வருகிறேன். உப்புத்தாள் வாங்கி மாளாது என்று தொடக்கத்திலேயே ஒரு டங்ஸ்டன் கார்பைடு தேய்ப்புக் கட்டை வாங்கினேன். 28 சென்டிமீட்டர் நீளம். ஒரு முகம் கரடு, மறுமுகம் நைஸ். பேரன் காலத்துக்கும் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பத்து மாதம் நன்றாக வெட்டியது. இப்போது கரடு முகத்தின் நடுவில், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு, மரத்தின் மேல் வழுக்குகிறது. இரண்டு ஓரங்களும் மட்டும் வெட்டுகின்றன. வெட்டவில்லையே என்று கையை ஊன்றி அழுத்தினேன். அழுத்தியதில் இடது இறக்கையின் முன்விளிம்பில், நான்காம் விலாவுக்கும் (இறக்கைக்கு உருவம் தரும் குறுக்குச் சட்டம்) ஐந்தாம் விலாவுக்கும் நடுவே பள்ளம் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவினால் தெரிகிறது. அதோடு வேலையை நிறுத்திவிட்டேன்.

கட்டை மழுங்கிவிட்டதா? மழுங்கியிருந்தால் மீண்டும் தீட்ட வழி உண்டா? இல்லையென்றால் பழையபடி உப்புத்தாளுக்கே போய்விட வேண்டியதுதானா?

பாய்மரம் (பதிவு 2)

பால்சா தேய்த்து கார்பைடு மழுங்காது. நடுவில் மட்டும் வழுக்குகிறது என்றால் அங்கே ஏதோ அப்பியிருக்கிறது. மரத்தைத் தவிர வேறு எதையாவது தேய்த்தீர்களா? ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தாள் போதும் (பதிவு 3)

இந்த நிரந்தரக் கருவிகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உப்புத்தாள் அடைத்துக்கொண்டால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டலாம். 240, 400, 600, 1000 என்று படிப்படியாக இறங்கலாம். பி240 தாளின் துகள் சராசரியாக 58.5 மைக்ரான், பி400 தாளில் 35, பி1000 தாளில் 18.3. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் கீறலை அழிக்கும். கார்பைடில் கரடு, நைஸ் என்ற இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. நேரான அலுமினியப் பட்டையில் இரட்டைப்பக்க டேப் போட்டுத் தாளை ஒட்டினால் அதுவும் தேய்ப்புக் கட்டைதான். எதற்கு இவ்வளவு செலவு?

காற்றாடி (பதிவு 4)

பாய்மரம் சொன்னபடி தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓரங்களில் மணிகள் தனித்தனியாக, உடைத்த கருங்கல் ஜல்லியைப் போலக் கூராக நிற்கின்றன. இடையிடையே செம்பு நிறத்தில் உலோகம் தெரிகிறது. நடுப்பகுதி அப்படி இல்லை. மணிகளுக்கு இடையில் பழுப்பும் மஞ்சளுமாக, காய்ந்த வெல்லப்பாகு போல ஏதோ நிரம்பியிருக்கிறது. ஊசியால் குத்தினால் பொடியாக உதிரவில்லை, சின்னச் சின்ன செதிலாகப் பெயர்கிறது. மணிகளின் நுனி மட்டும் அங்கங்கே வெளியே தலைகாட்டுகிறது.

இறக்கையின் நடு இணைப்பில் கண்ணாடி இழைத் துணி போட்டு எபாக்ஸி (கெட்டியாக்கி கலந்து இறுகவைக்கும் பிசின்) பூசியிருந்தேன். மறுநாளே அதைத் தேய்த்தேன். அது ஐப்பசி மாதம், அடைமழை. சனியன் அதுதானோ?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (பதிவு 5)

தம்பி, அதுவேதான். உங்கள் கட்டை சாகவில்லை, அதற்கு மூச்சு அடைத்திருக்கிறது.

கருவி எப்படிச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிட்டால் பராமரிப்பைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. நம் பழைய எஃகு அரத்தில் பல் வெட்டியிருக்கும். ஒரே எஃகு, அதிலேயே உளியால் வரிவரியாகப் பல். பல் மழுங்கினால் அரம் போயிற்று. கார்பைடு தகடு அப்படியல்ல. எஃகுத் தகட்டின் மேல் கார்பைடு மணிகளைத் தூவி, செம்பு கலந்த பற்றுலோகத்தை உலையில் உருக்கி ஒட்டவைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்த செம்பு நிறம் அந்தப் பற்றுதான். வைர அரத்தில் வைரப் பொடியை நிக்கல் முலாம் பிடித்துக்கொண்டிருக்கும், அதுவும் ஒரே ஓர் அடுக்கு.

ஆகவே இந்த இரண்டிலும் மணி மழுங்குவது அரிது. கெடுவது இரண்டே வழியில். ஒன்று, மணிகளுக்கு இடையே இருக்கும் பள்ளம் அடைத்துக்கொள்வது. பள்ளம் அடைத்தால் மணி மரத்துக்குள் இறங்க முடியாது, அதனால் வழுக்குகிறது. இன்னொன்று, அழுத்தி அழுத்தி மணி பற்றிலிருந்து பெயர்ந்துவிடுவது. முதலாவதைச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு மருந்தே கிடையாது. வெட்டவில்லை என்று அழுத்தினேன் என்கிறீர்களே, அங்கேதான் முதல் கோளாறு இரண்டாவதாக மாறப் பார்த்தது. வெட்டாத கருவியைக் கண்டால் கை தானாக அழுத்தும். அந்த நேரத்தில் கையை எடுத்துவிட்டுக் கருவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் பணிமனையில் பையன்களுக்கு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி எபாக்ஸி விஷயம். ஈரக்காற்றில் எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். கெட்டியாக்கியில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. தொட்டால் பிசுபிசுக்கும். அதைத் தேய்த்தால் எந்தத் தாளும் எந்தக் கட்டையும் அடைத்துக்கொள்ளும். படலம் தண்ணீரில் கரையக்கூடியது. தேய்ப்பதற்கு முன்னால் ஈரமான நார் கொண்டு எபாக்ஸியை நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, பிறகு கட்டையை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மறுநாள் என்பதும் போதாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

காற்றாடி (பதிவு 6)

தலைவணங்குகிறேன் ஐயா. படலத்தை நான் துடைக்கவே இல்லை, பளபளப்பாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். இப்போது அதை எப்படி எடுப்பது? தின்னரில் ஊறப்போட்டேன், அசையவில்லை.

ஒன்றின் கீழ் எழுபத்திரண்டு (பதிவு 7)

இறுகிய எபாக்ஸியைத் தின்னரோ அசிட்டோனோ கரைக்காது. கரைப்பது மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவர். ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும்.

தச்சன்மகள் (பதிவு 8)

அதை வீட்டுக்குள் செய்யச் சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. அதன் ஆவி மூடிய அறையில் ஆளைக் கொல்லும். குளியல் தொட்டிக்குப் பெயிண்ட் உரித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு அந்த ரிமூவரை விற்பதையே நிறுத்தினார்கள். ஒரு தேய்ப்புக் கட்டைக்காக அந்த அபாயம் தேவையில்லை.

வெந்நீர் போதும். வீட்டில் பயன்படுத்தும் எபாக்ஸி பெரும்பாலும் அறைச் சூட்டில் இறுகுவது. கொதிநீர் பட்டால் தோல் போல இளகிவிடும். இளகிய நிலையிலேயே கெட்டியான பிரஷ் போட்டால் பெயரும். ஆனால் ஊறவைப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கட்டையில் தகடு எப்படிப் பிடித்திருக்கிறது? திருகாணியா, பசையா? பசையென்றால் கொதிநீர் எபாக்ஸியோடு தகட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

காற்றாடி (பதிவு 9)

பசைதான். நல்லவேளை கேட்டீர்கள், அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டேன்.

தச்சன்மகள் (பதிவு 10)

அப்படியானால் முழுவதும் முக்க வேண்டாம். ஒரு கனமான துணியை நான்காக மடித்துக் கொதிநீரில் நனைத்து, அடைத்த இடத்தின் மேல் மட்டும் ஒரு நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். எடுத்தவுடன் நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆறிவிட்டால் மறுபடி ஒற்றடம். பொறுமையாக ஐந்தாறு முறை. பித்தளை பிரஷ்ஷைக் கடைசியில், மெதுவாகப் போடுங்கள். கார்பைடு பித்தளையை விட மிகக் கடினம், அழுத்தினால் பித்தளைதான் தேய்ந்து மணியின் மேல் மஞ்சளாகப் பூசிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அப்படியே வைத்துவிடாதீர்கள். மணிகளுக்கும் பற்றுக்கும் அடியில் இருப்பது எஃகு, துரு பிடிக்கும். முடி உலர்த்தும் கருவியால் காற்றடித்து உலர்த்துங்கள், சூட்டைக் குறைத்து.

என் அப்பா தச்சர். அவருடைய அரங்கள் இன்றும் என்னிடம் வெட்டிக்கொண்டிருக்கின்றன. கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி வீடு, உப்புக்காற்று. ஒவ்வோர் அரத்துக்கும் பழைய வேட்டித் துணியில் தனித்தனிப் பை தைத்திருப்பார். ஓர் அரம் இன்னொன்றின் மேல் படவே படாது. பட்டால் இரண்டின் பல்லும் போகும். பெட்டியின் மூலையில் ஒரு கட்டி சூடம் கிடக்கும். சின்ன வயதில் அந்தப் பெட்டியைத் திறந்தால் கோயில் வாசனை அடிக்கும். எண்ணெய் பூசும் வழக்கம் அவரிடம் இல்லை. எண்ணெய் பட்ட அரம் மரத்தில் கறை வைக்கும், கறை பட்ட இடத்தில் வார்னிஷ் நிற்காது என்பார். பால்சாவுக்கு அது இன்னும் பொருந்தும். எண்ணெய் பட்ட பால்சாவில் மேலுறை ஒட்டாது.

தேய்ப்பதற்கு முன் அரத்தில் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தடவுவார். பல்லிடுக்கில் சாக்பீஸ் நிரம்பிவிட்டால் தூள் உள்ளே போய் அப்பிக்கொள்ளாது, தட்டினால் கொட்டிவிடும். இது எஃகு அரத்துக்கு. கார்பைடு கட்டையில் பால்சா தேய்க்க இது தேவையில்லை.

பாய்மரம் (பதிவு 11)

தாள் போதும் அவர்களுக்கு ஒரு பதில். நான் கட்டுவது பலகை வேய்ந்த பாய்க்கப்பல்கள். வெளிப்பூச்சுக்கு வரும்போது நானும் தாள்தான் பயன்படுத்துகிறேன், அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் கப்பலின் முன்மூக்கில் வங்குகளை, அதாவது பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை, சரிவு சீவும் வேலை வேறு. அங்கே பலகை ஒவ்வொரு வங்கின் மேலும் முழுப் பரப்பாக உட்கார வேண்டும். ஒரு முனையில் மட்டும் தொட்டால் பசை பிடிக்காது. கட்டை குறைந்தது மூன்று வங்குகளை ஒரே நேரத்தில் தொடும் நீளம் இருக்க வேண்டும். தாளை ஒட்டிய கட்டையில் அந்த வங்கு முனைகள் தாளின் ஓரத்தைக் கிழித்துக் கிளப்பிவிடும். கிளம்பிய தாள் மூலையைத் தின்னும். கார்பைடில் அது நடப்பதில்லை.

மரமும் ஒரு காரணம். எனக்குக் கிடைப்பது ஆசாரி பட்டறையில் கழிக்கும் தேக்குத் துண்டுகள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. இழைப்புளியின் அலகையே மழுக்கிவிடும் மரம் அது. கூடவே எண்ணெய்ப் பசை வேறு, தாள் விரைவில் அடைத்துக்கொள்ளும். கார்பைடும் அடைக்கும், ஆனால் பிரஷ் போட்டால் திரும்பி வரும்.

தாள் போதும் (பதிவு 12)

வங்கு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்த வேலையை நான் செய்ததில்லை. ஆனால் கீறல் பற்றிய என் கேள்வி நிற்கிறது. கார்பைடில் சில மணிகள் மற்றவற்றை விட உயர்ந்து நிற்கும். அவை போடும் ஆழமான கோட்டை யார் அழிப்பது?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (பதிவு 13)

நியாயமான கேள்வி. தாள்தான் அழிக்க வேண்டும். கார்பைடு வடிவத்துக்கு, தாள் பளபளப்புக்கு. இரண்டையும் ஒன்றின் இடத்தில் ஒன்று வைத்தால்தான் தகராறு. புதுக் கட்டை வாங்கியவுடன் நல்ல வேலையில் வைக்காமல், ஒரு கழிவு மூங்கில் துண்டில் லேசாக நூறு தடவை ஓட்டுங்கள். துருத்தி நிற்கும் தளர்ந்த மணிகள் அங்கேயே உதிர்ந்துவிடும். வைர அரத்துக்கும் இதே பழக்கம் நல்லது. முதல் வாரத்தில் அது முரட்டுத்தனமாக வெட்டும், பிறகு அமைதியாகிவிடும். கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது அந்த அமைதியைத்தான்.

இன்னொன்று. எஃகு அரம் தள்ளும்போது மட்டும் வெட்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பல் பின்பக்கமாக மழுங்கும். கார்பைடுக்கும் வைரத்துக்கும் திசை கிடையாது, எந்தப் பக்கம் ஓட்டினாலும் வெட்டும்.

ஒன்றின் கீழ் எழுபத்திரண்டு (பதிவு 14)

ரிமூவர் பற்றிச் சொன்னதற்கு வருந்துகிறேன், தச்சன்மகள் சொன்னது சரி. பிளாஸ்டிக் மாதிரிகள் கட்டுபவன் என்ற முறையில் என் பங்குக்கு.

எங்கள் பொருள் பாலிஸ்டைரீன். ஏறத்தாழ நூறு டிகிரியில் இளகிவிடும். வேகமாகத் தேய்த்தால் கீறும் இடத்தில் எழும் சூடே போதும், தூள் தூளாக வராமல் பிசினாக வந்து அரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் விமானத்தின் உடல் இரண்டு பாதியும் சேரும் இணைப்புக் கோட்டை நான் எப்போதும் ஈரத்தில்தான் தேய்ப்பேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். நான்கு இழுப்புக்கு ஒருமுறை கருவியை முக்குவேன். தூள் தண்ணீரோடு போய்விடும், காற்றிலும் பறக்காது.

வைர அரத்தில் பிளாஸ்டிக் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அசிட்டோன் போதும். பாலிஸ்டைரீன் அதில் கரைந்துவிடும், நிக்கலுக்கும் வைரத்துக்கும் ஒன்றும் ஆகாது. பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் நனையக்கூடாது. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் செய்யுங்கள்.

கண்ணாடி அரம் என்று ஒன்று உண்டு. ரோபோ மாதிரிகள் கட்டும் இளைஞர்கள் இப்போது விரும்புவது அதைத்தான். கண்ணாடியின் மேற்பரப்பிலேயே நுண்ணிய பற்களைப் பொறித்திருப்பார்கள். உதிரிபாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய முனையின் வெள்ளைத் தழும்பை அது பத்து இழுப்பில் மறைத்து, பளபளப்பாக்கிவிடும். தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ் போட்டுக் கழுவினால் போதும். துருவே கிடையாது. ஒரே எதிரி தரை. என்னுடைய முதல் கண்ணாடி அரம் மொசைக் தரையில் விழுந்து மூன்றாகப் போயிற்று. அன்றிலிருந்து மேசையில் ஒரு துண்டு விரித்து அதன் மேல்தான் வைக்கிறேன். வளைந்த பரப்புக்கு மட்டும் அது உதவாது. விறைப்பான கருவி வளைவில் பட்டையடிக்கும். அங்கே பஞ்சு முதுகு கொண்ட தாள்தான்.

தச்சன்மகள் (பதிவு 15)

எல்லோரும் முகக்கவசம் போடுங்கள். என்-95 தரத்தில். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் தடிப்பை உண்டாக்கும். எபாக்ஸியும் கண்ணாடி இழையும் தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் வேண்டும். அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் சொல்கிறேன்.

காற்றாடி (பதிவு 16)

மூன்று நாள் கழித்து வருகிறேன். கட்டை உயிரோடு இருக்கிறது!

ஏழு ஒற்றடம் தேவைப்பட்டது. முதல் இரண்டில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் பிரஷ்ஷின் நுனியில் பழுப்பாக ஒரு சுருள் வந்தது, அதன் பின் ஓரத்திலிருந்து தோல் உரிவதுபோல் பட்டைபட்டையாக வந்தது. ஆறாவது முறை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது நடுவிலும் செம்பு நிறம் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் மணிகள் குறைவு. நான் ஊன்றி அழுத்திய இடம் அதுவாகத்தான் இருக்கும். அது திரும்பாது என்று புரிந்துகொண்டேன். மற்ற இடமெல்லாம் பழையபடி வெட்டுகிறது. தகட்டின் பசையும் அசையவில்லை.

இனி அந்தப் பள்ளம். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பாய்மரம் (பதிவு 17)

ஆழம் அரை மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றியிருப்பதை இறக்க நினைக்காதீர்கள், முன்விளிம்பின் வடிவமே போய்விடும். இலேசான பால்சா நிரப்பியைப் பூசுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையை மட்டும் நிரப்பாகப் போடாதீர்கள். காய்ந்த பிறகு அது பால்சாவை விடப் பல மடங்கு கடினம். கட்டை அதன் மேல் ஏறி, இருபுறமும் இருக்கும் மெல்லிய மரத்தைத் தின்று, ஒரு பள்ளத்துக்கு இரண்டு பள்ளமாக்கிவிடும்.

நிரப்பி காய்ந்ததும் முன்விளிம்பு நெடுகிலும், இரண்டு விலா இடைவெளி இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், மென்மையான பென்சிலால் குறுக்குக் கோடுகள் போடுங்கள். விரல் அகலத்துக்கு ஒரு கோடு. ஓரத்தில் இருக்கும் இறக்கையின் மெல்லிய மர மேல்தகட்டில் காகித டேப் ஒட்டிக் காத்துக்கொள்ளுங்கள். கட்டையை விலாக்களுக்குச் சாய்வாக வைத்து, கட்டையின் சொந்த எடையில் மட்டும் ஓட்டுங்கள். மேட்டில் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று கோடே காட்டிக் கொடுக்கும்.

காற்றாடி (பதிவு 18)

செய்தேன். எட்டு கோடுகள் போட்டேன். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் ஏழு கோடுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிறின. எட்டாவது, நான்காம் விலாவை ஒட்டியது, கருப்பாகவே நின்றது. மறுபடி ஒரு மயிரிழை அளவு நிரப்பி, மறுபடி கோடு. இரவு பதினொரு மணிக்கு எட்டும் சேர்ந்து போயின. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன், நான்காம் விலா எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு 400 தாளைப் பஞ்சுக் கட்டையில் சுற்றி ஒரு கை. தாள் போதும் அவர்களுக்கு அந்தக் கடைசி நான்கு இழுப்பு.

தாள் போதும் (பதிவு 19)

மகிழ்ச்சி. நானும் ஒரு கட்டை வாங்கலாம் என்றிருக்கிறேன், எபாக்ஸிக்கு என்று ஒன்றும் மரத்துக்கு என்று ஒன்றும் தனியாக வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (பதிவு 20)

தாராளமாக. ஒரே கட்டையின் இரு முகங்களையே அப்படிப் பிரித்து, பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தாலும் போதும். எங்கள் பணிமனையில் புது அரம் வந்தால் முதலில் பித்தளைக்குக் கொடுப்போம். பித்தளைக்குக் கூர் வேண்டும். கூர் தணிந்த பிறகுதான் எஃகுக்கு மாற்றுவோம். எஃகில் ஓடிய அரத்தை மறுபடி பித்தளையில் வைத்தால் வழுக்கும்.

பாய்மரம் (பதிவு 21)

ஐயா, பித்தளை என்றதும் ஒரு சந்தேகம். என் நீராவிப் படகின் பித்தளைச் சுழல்தண்டை இதே கார்பைடு கட்டையில் தேய்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (பதிவு 22)

வேண்டாம். மிருதுவான உலோகம் மணிகளுக்கு நடுவே அழுந்திவிடும், அதை வெந்நீரும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. புதிய எஃகு அரம், நைஸ் பல், சாக்பீஸ் தடவி. தள்ளும்போது மட்டும்.